மேனேஜர் என்கிற சேவலும் ஒரு ‘ம்’மும்

1.

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒரு கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது அதுவாகவே வந்து என் மேல் விழுந்தது. நான் போனது கண்ணாடியின் பவரை மாற்றுவதற்கு. பக்கத்து நாற்காலியிலிருந்த பெண் வந்தது செயற்கைக் கண் பொருத்துவதற்கு. இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும். அந்த மாதிரி அறைகளில் யாரும் யாரையும் ‘என்ன ஆச்சு’ என்று கேட்பதில்லை. நான் கேட்டுவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இருக்கிற வியாதி அது.

அவர் சொன்னார். அடுத்த பஸ் எப்போது வரும் என்று சொல்வது போன்ற குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல். பாதியில் நிறுத்தி, பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்து, மூடியை நன்றாகத் திருகி வைத்துவிட்டு மீதியைச் சொன்னார். அவர் முடிப்பதற்குள் என்னைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராததால் வேறு ஆளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கேட்கவே இல்லை. அடித்துப் போட்டது போல உட்கார்ந்திருந்தேன். பழைய கண்ணாடியோடுதான் வீடு திரும்பினேன்.

அதிர்ச்சி தணிந்த பிறகு எழுதினால்தான் எழுத்து நன்றாக வரும் என்று எல்லோருக்கும் நானே புத்தி சொல்லியிருக்கிறேன். காத்துப் பார்த்தேன். தணிவதாகத் தெரியவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன். தடுமாறிய இடங்களைச் சரிசெய்யவில்லை.

[நேரில் நான் அவரை ‘அவர்’ என்றுதான் சொல்வேன். கதைக்குள் ‘அவள்’ ஆக்கிவிட்டேன். ‘அவர்’ என்று எழுதினால் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ‘அவள்’ என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். எனக்கு எழுத வருகிறது.]

2.

முதலில் எழுதிய தொடக்கம்:

அன்று வானம் துடைத்து வைத்த தட்டைப் போல ஒரு மேகம்கூட இல்லாமல்—

வேண்டாம். அன்று அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டாவது:

சேவல் என்றால் நீங்கள் நினைக்கிற சேவல் இல்லை.

இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேனில் வருகிற பிள்ளைகளுக்கு அவள் வேன் அக்கா. பிள்ளைகளைக் கைகாட்டி அனுப்புகிற தாத்தாக்களுக்கும் அவள் வேன் அக்காதான். புருஷன் வெல்டர். உயரமான கட்டடங்களின் இரும்புச் சட்டங்கள் மேல் ஏறி உட்கார்ந்து பற்றவைக்கிற வேலை. ஒரே மகள் படிக்க வெளியூர் போனதும் வீடு சத்தமில்லாமல் போய்விட்டது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, மாலையில் மறுபடி ஏற்றப் போகிற வரைக்கும் அவளுக்கு வீட்டில் பொழுது நகராது.

அப்படி ஒரு நாள் போனில் ஒரு படம் பார்த்தாள். ஒரு கூண்டின் சின்னக் கதவு திறக்கிறது. உள்ளேயிருந்து ஒரு சேவல் வருகிறது. தலை வந்தது, கழுத்து வந்தது, நெஞ்சு வந்தது, வந்துகொண்டே இருந்தது. யாரோ ஆள் உள்ளே புகுந்து வேஷம் கட்டி வருகிறான் என்றுதான் நினைத்தாள். கால் விரல்வரைக்கும் இறகு, செருப்புக்கு உறை போட்ட மாதிரி. அது நிமிர்ந்து நின்றபோது பக்கத்திலிருந்த ஆளின் தொடையைத் தாண்டியது. அவள் வாயைப் பிளந்துகொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தாள். இரவு புருஷனிடம் காட்டினாள். அவன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இது முட்டை போடுமா, கன்று போடுமா என்று கேட்டான்.

அந்தப் பெரிய இனத்துக்குப் பிரம்மா என்று பெயர். விசாரித்து, விசாரித்து, கடைசியில் ஒரு செருப்புப் பெட்டிக்குள் சில குஞ்சுகளை வாங்கி, வேனின் முன் சீட்டுக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தாள். அவற்றைக் கண்ணும் கருத்துமாக

[இங்கே நிறுத்தினேன். தமிழில் அன்பைச் சொல்ல வேண்டுமானால் கண்ணைத் தொடாமல் முடியாது போலிருக்கிறது. கண்ணுக்குள் வைத்து, கண்ணைப் போல, கண் அயராமல். இந்தக் கதையில் இவற்றில் ஒன்றைக்கூட நான் பயன்படுத்த முடியாது. கை தானாகப் போகிறது. பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.]

அவற்றை நன்றாக வளர்த்தாள். பெரிய இனத்துக் கோழிகள் அவசரப்பட்டு வளர்வதில்லை. மற்ற கோழிகள் முட்டையிட ஆரம்பிக்கிற வயதில் இவை இன்னும் விடலைகளாகத் தத்தக்கா பித்தக்காவென்று நடந்துகொண்டிருக்கும். கனம் அதிகம் என்பதால் உயரத்திலிருந்து குதித்தால் பாதம் வீங்கிப்போகும். அதனால் உட்காரும் கட்டையை வெல்டர் முழங்காலுக்கும் கீழே அமைத்துக் கொடுத்தான். மழை நாளில் கால் இறகில் சேறு அப்பிக்கொள்ளும். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து வெந்நீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுப்பாள். அவற்றில் சேவல் ஒன்றுதான்; அதை மடியில் வைத்தால் அவள் முகமே மறைந்துபோகும்.

அந்தச் சேவலுக்குத்தான் மேனேஜர் என்று பெயர் வைத்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவருகிற அதிகாரியைப் போல ஒரு நடை. ஒரு காலை வைத்து, யோசித்து, அடுத்த காலை வைக்கும். வேன் பிள்ளைகள் ஜன்னல் வழியாக, “மேனேஜர் சார், குட் மார்னிங்” என்பார்கள். அதுவும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும்.

3.

பெரிய கோழியைப் பருந்து தூக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். தூக்கவில்லை.

ஒரு மதியம் வேனை நிறுத்திவிட்டு அவள் பின்பக்கம் போனபோது, தீவனத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டை மல்லாந்து கிடந்தது. அதன் நெஞ்சின் மேல் ஒரு பறவை நின்றுகொண்டிருந்தது. தூக்க முடியாததால், கொன்ற இடத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து உடனே பறக்கவில்லை. மஞ்சள் கண்ணால் ஒரு முறை பார்த்தது. இன்னொரு வாய் கிழித்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் எழுந்து போனது. ஒரு பாத்திரக் கடையில் விலை கேட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி போனது என்று அவர் என்னிடம் சொன்னார். பெட்டையின் கால் இன்னும் அசைந்துகொண்டிருந்ததாம்.

[பறவைகளைப் பற்றித் தெரிந்த ஒரு நண்பரிடம் கேட்டேன். அது பருந்தாக இருக்காது, வல்லூறாக இருக்கும் என்றார். ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் பருந்து என்றே சொன்னார்கள். பழி சுமக்கிறவர்களின் சரியான பெயரை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. நானும் பருந்து என்றே எழுதுகிறேன்.]

பிறகு வீடே போர்க்களமானது. வெல்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி வலை அடித்தான். கொல்லையின் குறுக்கே நைலான் நரம்புகளை இழுத்துக் கட்டினான். பழைய சிடிகளைத் தொங்கவிட்டான். காற்றில் அவை திரும்பத் திரும்ப வெளிச்சம் அடிக்க, பின்வீட்டுக்காரர் தன் சாப்பாட்டு மேஜையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டார். வெல்டர் தன்னுடைய பழைய வேலை உடுப்புக்குள் வைக்கோல் திணித்து நிறுத்தினான். கொஞ்ச நாளில் பருந்து அந்தப் பொம்மையின் தோளிலேயே வந்து உட்கார்ந்தது. ஆத்திரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உண்மையான காவல் மேனேஜர்தான். தரையில் நாயோ பூனையோ வந்தால் அதன் குரல் கொக்கொக்கென்று உடைந்து உடைந்து வரும். மேலே நிழல் தெரிந்தால் வேறு குரல்: நீளமாக, தாழ்வாக, ஒரே இழுப்பு. அந்தக் குரல் கேட்டதும் பெட்டைகள் விழுந்தடித்து ஓடும். அது மட்டும் ஓடாது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும். கோழிகள் மேலே பார்ப்பது அப்படித்தான், ஒரு கண்ணால்.

4.

இனி அந்த மதியம்.

கூண்டின் தரையைக் கழுவ வேண்டியிருந்தது. அதனால் கோழிகளை வேன் நிற்கிற முன்முற்றத்துக்கு விட்டிருந்தாள். அங்கே மேலே வலை கிடையாது. கொஞ்ச நேரம்தானே என்று விட்டாள். வேனின் உள்பக்கத்தைத் துடைக்கிற பெரிய துண்டு அவள் தோளில் இருந்தது. குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் மேனேஜரின் நீள இழுப்பு அவள் காதில் விழத் தாமதமானது.

ஓடிவந்து பார்த்தபோது பெட்டைகள் வேனுக்கு அடியில் நுழைந்திருந்தன. ஒன்று மட்டும் நுழையவில்லை. அதன் முதுகில் பருந்து. அவள் தோளிலிருந்த துண்டை உருவி, கத்திக்கொண்டே வீசினாள், வலம் இடமாக, கண்மண் தெரியாமல்—

[விடுங்கள். இங்கே கண் வந்துவிட்டது, ஆனாலும் நான் வெட்டவில்லை. அவர் சொன்ன வார்த்தையே அதுதான்.]

பருந்து எழுந்துவிட்டது. பெட்டையை விட்டுவிட்டு, வெறும் காலோடு, அவள் தலைக்கு மேலே எழுந்து மதிலைத் தாண்டிப் போயே விட்டது. பெட்டைக்கு முதுகில் சில இறகுகள் போனதோடு சரி. அவள் ஜெயித்துவிட்டாள். குனிந்து பெட்டையை அள்ளினாள். துண்டு இன்னும் அவள் கையில் படபடத்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் பாய்ந்தது அப்போதுதான்.

அதற்கு அவள் தெரியவில்லை. படபடக்கிற பெரிய இறக்கை ஒன்றுதான் தெரிந்தது. கீழே பெட்டை, மேலே இறக்கை. தன் வேலையை அது செய்தது. அவ்வளவு கனமான உடம்பு தரையிலிருந்து அந்த உயரத்துக்கு எழும் என்று அவள் நினைத்ததே இல்லை. இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. வலது காலின் முள் அவளுடைய இடது கண்ணில் இறங்கியது.

இதற்கு மேல் அந்தக் காட்சியை நான் எழுதவில்லை. எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

5.

பக்கத்துத் தெருவில் கதவு பொருத்திக்கொண்டிருந்த வெல்டரை யாரோ போய்க் கூட்டிவந்தார்கள். அவள் வேனின் படியில் உட்கார்ந்திருந்தாள். கன்னம், கழுத்து, சட்டை எல்லாம் சிவப்பு. மேனேஜர் சற்றுத் தள்ளி, ஒரு காலை வைத்து, யோசித்து, அடுத்த காலை வைத்து நடந்துகொண்டிருந்தது.

அவன் மண்டியிட்டு அவள் முகத்தைப் பிடித்தான். அவன் கேட்டது ஒரே வார்த்தை.

“பருந்தா?”

அவள், “ம்” என்றாள்.

இந்த ‘ம்’மைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அது பொய்யா? வலியில் முனகியதா? அவரிடமே கேட்டேன். முதல் நாள் அது வலிதான் என்றார். இரண்டாம் நாள்தான் அது பொய் ஆனதாம். மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு புருஷன் சொன்னான்: “நல்லவேளை பருந்து. நம்ம மேனேஜரா இருந்திருந்தா அன்னைக்கே கழுத்தைத் திருகிப் போட்டிருப்பேன்.” அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அத்தோடு அது முடிந்துபோன விஷயமாகிவிட்டது.

வீடு திரும்பியபோது ஊரே அவளைக் கொண்டாடியது. பிள்ளைகளின் அம்மாக்கள் பழக்கூடைகளோடு வந்தார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு செய்தித்தாள்காரர் வந்தார். பருந்தோடு போராடிக் கோழிகளைக் காப்பாற்றிய பெண் என்று படத்தோடு போட்டார்கள். படத்துக்கு ஒரு கோழியோடு உட்காருங்கள் என்று அவர் கேட்டபோது, வெல்டர் உள்ளே போய் இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிவந்து அவள் மடியில் வைத்தான்.

அந்தப் படத்தை நான் பார்த்தேன். அவள் சிரிக்க முயல்கிறாள். மேனேஜர் கேமராவைப் பார்க்கிறது.

வேன் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். அவள் அதே வேனில் பின்னால் நின்றுகொண்டு பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குகிறாள். படி எங்கே முடிகிறது என்று ஒற்றைக் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாததால், முதல் வாரங்களில் பிள்ளைகள்தான் அவளைக் கைபிடித்து இறக்கினார்கள்.

6.

வெல்டரை எனக்கு எழுத வரவில்லை. முதல் பிரதியில் அவன் ஒரு முரடன். கத்துவான், எதையாவது உதைப்பான். இந்தப் பகுதியை அவரிடம் போனில் படித்துக் காட்டினேன்.

“அவர் கத்த மாட்டார்ங்க,” என்றார். “கத்தியிருந்தா எனக்குப் பயமே இருந்திருக்காது. அதை மாத்துங்க.”

மாற்றினேன். மாற்றிய பிறகு எனக்கும் பயமாகிவிட்டது. அவன் சாது. வேலைக்குப் போகும் வழியில் கண்ட நத்தையைக் கூட ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் போகிறவன். அவளுக்குச் சொட்டு மருந்து போடுவதற்காக நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டான். இரும்பைப் பிடித்து மரத்துப்போன விரலால் அவள் இமையைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். முடித்ததும் கொல்லைக்குப் போய், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டால், சும்மா என்பான்.

சும்மா இல்லை. பருந்து எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

7.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தைல மரம் இருக்கிறது. அதன் உச்சிக் கிளையில் கூடு. ஒரு விடுமுறை நாளின் காலையில், வேலைக்குப் போகிற இடுப்புப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவன் அதில் ஏறினான். உயரம் அவனுக்குப் பழக்கம்.

அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் சாப்பாட்டுப் பையோடு வந்து, துவைக்கிற கல்லின் மேல் அதை வைத்தான். பை அசைந்தது. உள்ளேயிருந்து மெல்லிய கீச்சுக் குரல். என்னது என்று கேட்டுக்கொண்டே அவள் திறந்தாள்.

வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் போல இரண்டு குஞ்சுகள். தலையை நேராக நிறுத்தக்கூடத் தெரியவில்லை. அவளைப் பார்த்ததும் இரண்டும் வாயைத் திறந்தன. யாரோ இரை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டன.

வெல்டர் குழாயில் கையைக் கழுவிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னான்:

“உன்னோட ஒரு கண்ணுக்கு நாலு கண்ணு.”

[இந்த வரியைப் பல தடவை எழுதி, பல தடவை நீக்கினேன். இது இல்லாமல் கதை நின்றால் நல்லது என்று பார்த்தேன். நிற்கவில்லை. மருத்துவமனையில் இதைச் சொன்னபோதுதான் அவர் தண்ணீர் குடித்தார்.]

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த ஈரத்துணி நழுவி விழுந்தது. பட்டறையிலிருந்து கூர்மையான கம்பி ஒன்றையும் அவன் எடுத்து வந்து கல்லின் ஓரமாக வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“என்னங்க. பருந்து இல்லைங்க.”

அவன் திரும்பினான்.

“மேனேஜர்தான். நான் துண்டை ஆட்டினேன், அது பயந்துபோய்ப் பாஞ்சிருச்சு. பருந்து என்னைத் தொடவே இல்ல. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்.”

எல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நின்றாள். அவன் அவளையே பார்த்தான். பிறகு அவன் முகம் இளகியது. அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

“கண்ணு போயும் உனக்கு இரக்கம் போகல பாரு,” என்றான்.

நம்பவில்லை.

உண்மையைச் சொன்னபோதுதான் அவளை யாரும் நம்பவில்லை. குஞ்சுகளைக் காப்பாற்ற அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் கெஞ்சினாள், அழுதாள், மகள் மேல் சத்தியம் செய்தாள். அப்போதுதான் அவனுக்குச் சந்தேகம் தட்டியது. மகள் மேல் அவள் வீணாகச் சத்தியம் செய்ய மாட்டாள். கம்பியைக் கையில் எடுத்தவன் கீழே வைத்தான்.

“சரி. பாத்துருவோம்,” என்றான்.

8.

அவன் தோல் கவசத்தை மார்பில் கட்டிக்கொண்டான். வெல்டிங் முகமூடியை மாட்டி இறக்கினான். கொடியிலிருந்து ஒரு பெரிய துண்டை உருவிக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்தான். பெட்டைகள் மூலையில் ஒதுங்கின. மேனேஜர் தலையைச் சாய்த்து, முகமே இல்லாத அந்த மனுஷனைப் பார்த்தது. கல்லின் மேல் பைக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் கதவருகே நின்றாள்.

இந்த இடத்துக்கு நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: மேனேஜர் பாய்கிறது. உண்மை நிரூபணமாகிறது. அவன் சேவலின் கழுத்தைத் திருகுகிறான். குஞ்சுகள் பிழைக்கின்றன. அவள் எதைக் காப்பாற்றப் பொய் சொன்னாளோ அது போகிறது.

இரண்டு: மேனேஜர் பாயவில்லை. கொட்டாவி விடுகிறது. உண்மை பொய்யாகிறது. மீதியை நான் எழுத மாட்டேன்.

மூன்று: மகள் திடீரென்று ஊரிலிருந்து

(அபத்தம். அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.)

நடந்தது என்னவென்று அவர் என்னிடம் சொன்னது சுருக்கமானது. “அவர் துண்டை ஆட்டினார். கோழி பாஞ்சு நெஞ்சுல அடிச்சிருச்சு. அவர் நம்பிட்டார்.” அதைச் சொன்னபோது மட்டும் அவர் என்னைப் பார்க்காமல் சுவரிலிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது அவருக்கு இரண்டு கண்கள் இருந்தன. எது எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத் திணறினேன். அவர் சிரித்துவிட்டு, போன் நம்பரைக் கொடுத்து, வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

9.

போனேன். முடிவு இல்லாமல் இத்தனை பக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வெல்டர்தான் கதவைத் திறந்தார். மெலிந்த மனிதர், மெதுவான குரல். அவர் மனைவி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். வெல்டர் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். வலைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நடந்துகொண்டிருந்தது. உயிரோடு. நான் இரண்டடி பின்வாங்கினேன். எத்தனை பக்கம் எழுதினாலும் அவ்வளவு பெரிதாக அதை நான் நினைத்திருக்கவில்லை. கழுத்தைத் திருக மனசு வரவில்லை, முள்ளை அரத்தால் ராவி மழுங்கடித்துவிட்டேன், இனி ஒன்றும் செய்யாது என்றார் அவர்.

அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“அந்த முகமூடிக் கண்ணாடி இருக்கே, அது கன்னங்கரேல்னு இருக்கும். எதிர்ல நெருப்புப் பொறி இருந்தாத்தான் ஏதாவது தெரியும். இல்லேன்னா ஒண்ணுமே தெரியாது. அன்னைக்கு இருந்த கோவத்துல எனக்கு அது ஞாபகமே இல்ல. இறக்கிட்டு உள்ள போயிட்டேன். குருடன் மாதிரி நின்னு துண்டை ஆட்டினேன். நெஞ்சுல ஒரு அடி விழுந்துச்சு. பின்னால சாஞ்சுட்டேன்.”

முகமூடியைத் தூக்கிப் பார்த்தபோது, அவருக்கு ஒரு கையெட்டும் தூரத்தில் மேனேஜர் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றதாம். இந்தப் பக்கம் ஒரு கையெட்டும் தூரத்தில் அவர் மனைவி. கதவருகே நின்றவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, பாத்தீங்களா, இதுதான், இப்படித்தான் பாஞ்சுது என்று சொன்னாராம்.

தோல் கவசத்தில் கீறல் இருந்ததா என்று கேட்டேன். பழைய கவசம், அதில் கீறலுக்கா பஞ்சம் என்றார்.

“கோழிதான்னு அவ சொல்றா. எனக்கு அது கை மாதிரி இருந்துச்சு.” உள்ளங்கையை விரித்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். “அங்கேயே உக்காந்து யோசிச்சேன். கோழியா இருந்தா, பருந்து மேல தப்பே இல்ல. அவ கையா இருந்தா, மிச்சம் இருக்கிற ஒரு கண்ணோட, ஆடற துண்டுக்கும் அந்தக் கோழிக்கும் நடுவுல வந்திருக்கா. எதுவா இருந்தாலும் குஞ்சுங்களை மேல கொண்டுபோய் வெச்சிரணும்னு தோணுச்சு. வெச்சுட்டு வந்தேன்.”

ஏறும்போது தாய்ப்பறவை அவர் தலையிலும் தோளிலும் மாறி மாறி அடித்ததாம். அந்தத் தழும்பைக் காட்டினார். இன்னும் பருந்து வருகிறதா என்றேன். வருகிறது, மேலே முழுக்க வலை போட்டாகிவிட்டது, வட்டமடித்துவிட்டுப் போய்விடும் என்றார். தன் மனைவியிடம் அந்த அடியைப் பற்றி அவர் இதுவரை கேட்கவில்லை. மனைவியும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போது அவர் மனைவி டீயோடு வந்து நின்றார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி டம்ளரை என்னிடம் நீட்டினார். நான் அவர் கையைப் பார்த்தேன். எல்லோருக்கும் இருப்பது போன்ற ஒரு கை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த உள்ளங்கை.

“சார் கதையில அந்த இடத்தை எப்படி எழுதப் போறார்னு கேட்டியா?” என்றார் வெல்டர், மனைவியிடம். என்னைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

“நீங்களே கேளுங்க,” என்றார் அவர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாத கேள்வியை என் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கோழி என்றால் அவர் மனைவி சொன்னது உண்மையாகிவிடும். கை என்றால் அவர் மனைவி செய்தது தெரிந்துவிடும். நான் எதைச் சொல்கிறேனோ, இன்றிலிருந்து இந்த வீட்டில் அதுதான் நடந்ததாக இருக்கும். டீ சுட்டதுகூடத் தெரியவில்லை.

அவர்களிடம் நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை. வந்து உட்காருங்கள். டம்ளர் இப்போது உங்கள் கையில். எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். சொல்லுங்கள்.